எச்.பி.வி. பரிசோதனை: மாதிரி எடுப்பதிலிருந்து மறு அழைப்பு வரை

கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: எனக்குப் புற்றுநோய் இருக்கிறதா, இல்லையா? எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) பரிசோதனை இந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்லை. புற்றுநோயை உண்டாக்கவல்ல வைரஸ் கருப்பை வாயில் இப்போது குடியிருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்கிறது. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே மனத்தில் வாங்கிக்கொண்டவர்கள், முடிவு எப்படி வந்தாலும் அடுத்துச் செய்ய வேண்டியதைப் பதறாமல் செய்கிறார்கள். வாங்கிக்கொள்ளாதவர்களில் சிலர் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைக் கண்டதும் கருப்பையையே எடுத்துவிடச் சொல்லி மருத்துவரிடம் மன்றாடுகிறார்கள். வேறு சிலர் சீட்டை மடித்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டு வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டாவது வகையினரே அதிகம் இழக்கிறார்கள்.

எச்.பி.வி. என்பது ஒற்றை வைரஸ் அன்று. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட ஒரு குடும்பம். அவற்றில் ஏறத்தாழ 14 வகைகள் அதிக ஆபத்துள்ளவை. உலகெங்கும் காணப்படும் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 ஆகிய இரண்டு வகைகளே காரணம். ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சூர் ஹவுசன் தம் குழுவினருடன் 1983இல் இப்புற்றுநோய்த் திசுவில் 16ஆம் வகையைக் கண்டறிந்தார். அந்தப் பணிக்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவின்போது தோலும் சவ்வும் உரசுவதால் பரவும் இந்த வைரஸ், இல்லற வாழ்வில் இருக்கும் பெரும்பாலோரை ஒருமுறையேனும் தொட்டுவிட்டுப் போகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்புச் சக்தியே அதை அகற்றிவிடுகிறது. அகலாமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் சிலரிடத்தில்தான் கருப்பை வாயின் செல்கள் மெல்ல மெல்ல உருமாறுகின்றன. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும், எச்.ஐ.வி. தொற்றுக்குச் சிகிச்சை பெறாதவர்கள் போன்று எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடம் 5 முதல் 10 ஆண்டுகளிலேயே அது நிகழலாம். புற்றுநோய்களில் இவ்வளவு நீண்ட முன்னறிவிப்புக் காலம் தருபவை மிகச் சிலவே.

அப்படியிருந்தும் 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், ஏறத்தாழ 80,000 பேர் இறந்ததாகவும் உலக அளவிலான புற்றுநோய் மதிப்பீடு கூறுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதிலும் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். மாநிலங்களுக்குள் நம் நிலை மேலானது என்று இதைக் கொண்டாடுவோரும் உண்டு. பத்தில் ஒன்பது பெண்கள் ஒருமுறைகூடப் பரிசோதிக்கப்படவில்லை என்பதும் அதே எண்ணின் பொருள்தான்.

யாருக்கு, எந்த வயதில்

முப்பது வயதைத் தாண்டிய, ஒருமுறையேனும் உடலுறவு கொண்டுள்ள பெண்கள் அனைவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். திருமணமாகி எத்தனை ஆண்டுகள் ஆயின, எத்தனை குழந்தைகள், கணவர் உயிருடன் இருக்கிறாரா என்பவை இந்த முடிவை மாற்றுவதில்லை. முப்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எச்.பி.வி. பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. அந்த வயதில் தொற்று மிகப் பரவலாக இருக்கும், பெரும்பாலும் தானே போய்விடும், ஆகையால் பரிசோதனை வீண் கலக்கத்தையும் தேவையற்ற சிகிச்சையையும்தான் தரும். எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்கள் மட்டும் 25 வயதிலேயே தொடங்கி, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மற்றவர்கள் எச்.பி.வி. பரிசோதனையை 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும். இதற்கும் வாய்ப்பு அமையாதவர்கள் 35 வயதுக்குள் ஒருமுறை, 45 வயதுக்குள் மறுமுறை என இரண்டு முறையாவது செய்துகொள்ள வேண்டும். 70 சதவீதப் பெண்களையாவது இவ்வாறு பரிசோதித்துவிட வேண்டும் என்பதே 2030க்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு.

இந்திய அரசு 2016இல் வெளியிட்ட வழிகாட்டி 30 முதல் 65 வயது வரை பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர்கள், இடைவெளி விட்டுச் செய்த இரண்டு பரிசோதனைகள் அடுத்தடுத்து ‘நெகட்டிவ்’ என வந்திருந்தால், நிறுத்திக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். மாதவிலக்கு நின்றுவிட்டது, இனி அந்தப் பகுதியைப் பற்றிக் கவலையில்லை என்று எண்ணுவது பிழை; இந்நோய் அதிகமாக வெளிப்படும் வயதே அதுதான்.

கருப்பை அகற்றப்பட்டவர்களுக்கும் ஒரு சொல். நம் ஊரில் ‘கர்ப்பப்பை எடுத்தாச்சு’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். ஆனால் கருப்பையின் உடல் பகுதியை மட்டும் எடுத்து வாய்ப்பகுதியை விட்டுவைக்கும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. வாய்ப்பகுதி இருக்கும் வரை பரிசோதனையும் வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு போனால், எது நடந்தது என்பதை மருத்துவர் சொல்லிவிடுவார். அறுவைச் சிகிச்சைக்கு இனிமேல் நாள் குறிக்கப் போகிறவர்கள், அதற்கு முன்பே கருப்பை வாய்ப் பரிசோதனையை முடித்துவிட வேண்டும். உள்ளே புற்றுநோய் இருப்பது தெரியாமல் சாதாரண முறையில் கருப்பையை எடுத்துவிட்டால், பிறகு அந்த நோய்க்கான சிகிச்சை சிக்கலாகிவிடும்.

எந்தப் பரிசோதனை

இன்று புழக்கத்தில் உள்ளவை மூன்று. முதலாவது, ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகச் செய்யப்படும் ‘வியா’. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தோய்த்துக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளைத் திட்டு தோன்றுகிறதா எனப் பயிற்சி பெற்ற செவிலியர் வெறும் கண்ணால் பார்ப்பதுதான் அது. சமையலறை வினிகருக்கும் அந்தக் கரைசலுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இவ்வளவு எளிய முறையால் உயிர் காக்க முடியுமா என்ற ஐயத்துக்கு விடை நம் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்தே வந்தது. அம்பிளிக்கையில் உள்ள கிறித்தவச் சமூக நல மருத்துவ மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் இணைந்து 30 முதல் 59 வயதுள்ள பெண்களிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒரு சுற்று வியா பரிசோதனையும் உடன் சிகிச்சையும் சேர்ந்து, இப்புற்றுநோயால் நேரும் இறப்பை 35 சதவீதம் குறைத்திருந்தன. அதே 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிய அரசுத் திட்டம் பிறகு மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. வியாவுக்கு இரண்டு குறைகள் உண்டு: பார்க்கும் கண்ணின் பயிற்சியைப் பொறுத்து முடிவு மாறும், மாதவிலக்கு நின்றபின் பார்க்க வேண்டிய பகுதி உள்வாங்கிவிடுவதால், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அது பொருந்தாது.

இரண்டாவது, பாப் ஸ்மியர். கருப்பை வாயிலிருந்து சுரண்டி எடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்ப்பது. மூன்றாவது, எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை, இது செல்லின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, வைரஸின் மரபுப் பொருளைத் தேடுகிறது. கனடாவில் 30 முதல் 69 வயதுள்ள பெண்களிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு முற்றிய மாற்றங்களில் பாப் ஸ்மியர் 55 சதவீதத்தையும் எச்.பி.வி. பரிசோதனை 95 சதவீதத்தையும் கண்டுபிடித்தன. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வோ இன்னும் தெளிவாகப் பேசியது: வாழ்நாளில் ஒரே ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில், இந்நோயால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. பாப் ஸ்மியர், வியா குழுக்களில் அத்தகைய குறைவு தென்படவில்லை.

ஆகவே கையில் வசதி இருந்தால் எச்.பி.வி. பரிசோதனையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. ஆனால் அதற்காகப் பணம் சேர்த்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் காத்திருப்பதைவிட, அடுத்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வியா செய்துகொள்வது மேல். வியா, பாப் ஸ்மியர் ஆகியவற்றுக்கு இடைவெளி குறைவு. பாப் ஸ்மியரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும், வியாவை ஐந்து ஆண்டுகளுக்கு மிகாமலும் திரும்பச் செய்ய வேண்டும்.

தனியார் ஆய்வகத்தில் செய்துகொள்பவர்கள் பதிவு செய்யும்போதே இரண்டு செய்திகளைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒன்று, அது ‘ஹை ரிஸ்க் எச்.பி.வி.’ வகைகளைத் தேடும் பரிசோதனையா என்பது. 6, 11 போன்ற ஆபத்துக் குறைந்த வகைகள் மருவை உண்டாக்குமே தவிரப் புற்றுநோயை உண்டாக்குவதில்லை, அவற்றையும் சேர்த்துத் தேடும் பெரிய பட்டியலுக்குக் கூடுதல் பணம் தருவதில் பயனில்லை. மற்றொன்று, 16, 18 வகைகளை முடிவில் தனியாகக் குறிப்பிடுவார்களா என்பது. அது தெரிந்தால் அடுத்த படி விரைவாகும். இரத்தம் எடுத்து எச்.பி.வி. பார்க்கிறோம் என்று எவரேனும் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை இரத்தத்தில் செய்யப்படுவதில்லை.

பரிசோதனை நாள்

மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணி 10 முதல் 20 நாட்களுக்குள் வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் உடலுறவையும், பிறப்புறுப்பினுள் வைக்கும் மாத்திரை, களிம்பு ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். உட்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவவும் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள், மருத்துவர் வேறு காரணத்துக்காகச் சொன்னால் ஒழிய, பேறுகாலத்துக்குப் பிறகு செய்துகொள்ளலாம். வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. எளிதாகத் தளர்த்தக்கூடிய சேலையோ பாவாடையோ உடுத்திச் செல்வது உதவும்.

மேசையில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கியதும், ‘ஸ்பெகுலம்’ என்ற கருவியைச் செலுத்திக் கருப்பை வாய் தெரியும்படி விரித்து, சிறு தூரிகையால் சுழற்றி மாதிரி எடுப்பார்கள். சில நிமிட வேலை. அழுத்தம் போன்ற உணர்வு இருக்கும். வாயால் மூச்சை மெல்ல வெளியே விட்டால் தசை தளர்ந்து அதுவும் குறையும். வலித்தால் சொல்லலாம், நிறுத்தச் சொல்லலாம், சிறிய அளவுக் கருவியைக் கேட்கலாம், பெண் மருத்துவரோ செவிலியரோ வேண்டும் என்றும் கேட்கலாம். திரைச்சீலை இல்லாத அறையில் படுக்க மறுப்பதும் உங்கள் உரிமையே. பிறகு ஓரிரு துளி இரத்தம் படுவது இயல்பு.

இந்தக் கூச்சமே பலரைத் தடுக்கிறது என்பதால், மாதிரியைத் தாமே எடுத்துக்கொள்ளும் முறை முக்கியமானது. எச்.பி.வி. பரிசோதனைக்கு மட்டுமே இது செல்லும். பாப் ஸ்மியருக்குச் செல்லாது. வைரஸின் மரபுப் பொருளைப் பன்மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறையில் சோதிக்கும்போது, பெண் தானே எடுத்த மாதிரியும் மருத்துவர் எடுத்த மாதிரியும் ஏறத்தாழ ஒரே அளவு நம்பகமானவை. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு காலை ஸ்டூலின் மேல் வைத்து நின்றோ, குந்தியோ, படுத்தோ, உறையிலிருந்து எடுத்த தூரிகையின் முனை எதிலும் படாதவாறு பிறப்புறுப்பினுள் மெல்லச் செலுத்த வேண்டும். விரல் நீளம் போனதும், அல்லது லேசான தடை தட்டுப்பட்டதும் நிறுத்தி, பெட்டியில் எழுதியுள்ள எண்ணிக்கைப்படி சுழற்றி, வெளியே எடுத்துக் குழாயில் போட்டு இறுக மூட வேண்டும். கருப்பை வாயைச் சரியாகத் தொட்டோமா என்ற கவலை வேண்டாம்; அங்கிருந்து உதிரும் செல்கள் பிறப்புறுப்பின் மேற்பகுதியிலேயே கிடைத்துவிடும். குழாயில் பெயரும் தேதியும் எழுத மறந்துவிடாதீர்கள். நல்ல மாதிரி வீணாவது பெரும்பாலும் இதுபோன்ற சிறு தவறுகளால்தான்.

முடிவைப் படிப்பது

‘நாட் டிடெக்டட்’ அல்லது ‘நெகட்டிவ்’ என்றால், அதிக ஆபத்துள்ள வகைகள் தென்படவில்லை. அடுத்த சில ஆண்டுகளுக்கு முற்றிய மாற்றம் ஏற்படும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆண்டுதோறும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. ‘இன்வேலிட்’ என்றால் மாதிரி போதவில்லை என்று பொருள். அதை நெகட்டிவ் என்று கொள்ளாமல் மறுபடியும் மாதிரி கொடுக்க வேண்டும்.

‘பாசிட்டிவ்’ என வந்தால் முதலில் வகையைப் பாருங்கள். 16 அல்லது 18 என்றால் நேரே கோல்போஸ்கோபி எனும் உருப்பெருக்கிப் பார்க்கும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். மற்ற அதிக ஆபத்து வகைகள் என்றால், பாப் ஸ்மியரோ வியாவோ செய்து, அதில் மாறுபாடு தெரிந்தால் மட்டும் கோல்போஸ்கோபிக்கு அனுப்புவார்கள். மாறுபாடு இல்லையென்றால், ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் எச்.பி.வி. பரிசோதனையை மீண்டும் செய்யச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் வைரஸுக்கென்று மருந்து எதுவும் இல்லை. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. தொற்றைக் கழுவி அகற்றும் என்று விற்கப்படும் சூரணங்களும் திரவங்களும் காசைத்தான் கரைக்கும். புகைபிடிப்பவர்கள், அதை விட்டால் வைரஸ் அகலும் வாய்ப்புக் கூடும்.

இந்தச் சீட்டு வீட்டுக்குள் எழுப்பும் சந்தேகத்தைப் பற்றி மருத்துவர்கள் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்பதை எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்த வைரஸ் இப்போது வெளிப்படலாம். கணவரை இழந்து பத்தாண்டுகள் தனித்து வாழும் பெண்ணுக்கும் பாசிட்டிவ் வரும். அது மனைவியின் நடத்தைக்கும் சான்று அன்று, கணவருடையதற்கும் அன்று. கணவருக்கும் எடுத்துப் பார்ப்போமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆண்களுக்கென ஏற்பளிக்கப்பட்ட எச்.பி.வி. பரிசோதனை இல்லை, எடுத்தாலும் மனைவியின் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை.

கோல்போஸ்கோபியும் அதன் பிறகும்

கோல்போஸ்கோபி என்பது கருப்பை வாயை உருப்பெருக்கிப் பார்ப்பது. சந்தேகமான இடத்திலிருந்து கடுகளவு திசு எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். அதன் முடிவில் சி.ஐ.என். 1, 2, 3 என்று எழுதியிருக்கும். இவை எவையும் புற்றுநோய் நிலைகள் அல்ல, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தின் படிகள். சி.ஐ.என். 1 பெரும்பாலும் தானே மறையும் என்பதால் கண்காணிப்பே போதும். 2, 3 என்றால் பொதுவாகச் சிகிச்சை வேண்டும்.

சிகிச்சை செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பது மருத்துவ உலகுக்குத் தெரிந்த விதம் வேதனையானது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஒரு மகளிர் மருத்துவமனையில், 1960களிலும் அதையொட்டிய ஆண்டுகளிலும், சி.ஐ.என். 3 புற்றுநோயாக மாறாது என்று நம்பிய மருத்துவர் ஒருவர், பெண்கள் பலரை அவர்கள் அறியாமலேயே உரிய சிகிச்சையின்றிக் கண்காணிப்பில் மட்டும் வைத்திருந்தார். பின்னர் 1987-88இல் நீதி விசாரணை நடந்தது. அந்தப் பெண்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வின்படி, போதிய சிகிச்சை பெறாதவர்களில் 31 சதவீதத்தினருக்கு 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்தது. முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

அந்தச் சிகிச்சைக்குப் பெரிய அறுவை தேவையில்லை. மாற்றமடைந்த பகுதி முழுவதும் கண்ணுக்குத் தெரிந்து, கருப்பை வாயின் உள்வழிக்குள் நீளாமல், புற்றுநோய் என்ற சந்தேகமும் இல்லாதிருந்தால், ஏறத்தாழ 100 டிகிரி வெப்பத்தால் சுடும் முறையோ, வாயுவால் உறையவைக்கும் கிரையோதெரபியோ போதும். வெளிநோயாளியாகவே வந்து, அன்றே வீடு திரும்பலாம். பகுதி பெரிதாகவோ உள்நோக்கியோ இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்த அடுக்கைச் சீவி எடுக்கும் ‘லீப்’ முறையைக் கையாள்வார்கள். சில வாரங்களுக்கு நீர் போன்ற கசிவு இருக்கும். அந்த நாட்களில் உடலுறவு கூடாது. குழந்தை பெறும் எண்ணம் உள்ளவர்கள் அதை முன்பே சொல்ல வேண்டும். எவ்வளவு ஆழம் எடுப்பது என்பதை முடிவு செய்ய அது உதவும். இந்த நிலைக்குக் கருப்பையையே எடுக்கலாம் என்று உடனடியாகப் பரிந்துரைக்கப்பட்டால், வேறு வழி ஏன் பொருந்தாது என்று கேளுங்கள், இன்னொரு மருத்துவரின் கருத்தையும் பெறுங்கள். பயாப்சியில் புற்றுநோய் என்றே வந்துவிட்டால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலோ புற்றுநோய்ச் சிறப்பு மையங்களிலோ சிகிச்சை பெறலாம்; முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும்.

உடலுறவுக்குப் பின் இரத்தம் படுதல், இரண்டு மாதவிலக்குகளுக்கு இடையே உதிரப்போக்கு, மாதவிலக்கு நின்றபின் ஒரு துளியேனும் இரத்தம், துர்நாற்றத்துடன் தொடர்ந்து வெள்ளைப்படுதல் ஆகியவை இருப்பவர்கள் மேலே சொன்ன வயதையும் இடைவெளியையும் பார்க்க வேண்டாம். நேரே மகளிர் நல மருத்துவரிடம் போய்க் கருப்பை வாயைப் பார்க்கச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு எச்.பி.வி. நெகட்டிவ் என்று வந்திருந்தாலும் இது பொருந்தும்.

எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் முப்பதுக்கு மேல் பரிசோதனை உண்டு. அது எல்லா வகைகளையும் தடுப்பதில்லை, ஏற்கெனவே உள்ள தொற்றையும் அகற்றுவதில்லை. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் 2022இல் அறிமுகமானபின் இங்கேயே தயாராகும் தடுப்பூசியும் கிடைக்கிறது. 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு அதைப் போடுவதே அதிகப் பயன் தரும். பரிசோதனைக்கு வரும் தாய், மகளின் தடுப்பூசியைப் பற்றியும் அன்றே கேட்டுவிடலாம்.

நெகட்டிவ் வந்தவர்கள் அடுத்த பரிசோதனைக்கான ஆண்டைச் சீட்டின் மேலேயே எழுதி, குடும்ப அட்டை வைத்திருக்கும் உறையில் சேர்த்து வையுங்கள். பாசிட்டிவ் வந்தவர்கள் ஆய்வகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே, அடுத்து எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, எந்தப் பிரிவு என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு, வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் அந்தத் தேதியைச் சொல்லிவையுங்கள். கைபேசி எண் மாறினால் கிராம சுகாதார செவிலியரிடம் புதிய எண்ணைக் கொடுத்துவிடுங்கள். மறு அழைப்பு அந்த எண்ணுக்குத்தான் வரும். சிகிச்சை முடிந்தவர்கள் 12 மாதங்கள் கழித்து எச்.பி.வி. பரிசோதனையை மீண்டும் செய்துகொள்ள வேண்டும்.